அக்கா முக்கி வைத்த நாற்பத்தோரு கோப்பைகள்

பெரியப்பா போன வாரம் போன் செய்தார். "ஏட்டி, மலருக்கு நீதான் எழுதணும். பிறந்தது, படிச்சது, கல்யாணம், குணம், கடைசில நன்றி. அஞ்சும் வரணும். எல்லாரையும் அழ வச்சிராத" என்றார். அஞ்சும் வரும் பெரியப்பா. அழுகைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. முதல் வரி டைப் செய்யும்போதே எனக்கு மூக்கு ஒழுகிவிட்டது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு மலர்களில் எல்லாரும் 'அவர்கள்' போட்டுத்தான் எழுதுகிறார்கள். அக்கா எனக்குப் பதினான்கு வயது மூத்தவள். ஆனாலும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால், "என்னட்டி, காய்ச்சல் அடிக்கா?" என்று கேட்பாள். அதனால் இந்தக் கட்டுரையில் அக்கா 'அவள்'தான். அத்தானுக்கு உரிய மரியாதை உண்டு. அவர் உயிரோடு இருக்கிறார், படித்துவிட்டு வந்து கேட்பார்.

அக்கா பிறந்தது கீழப்பாவூரில், பள்ளிப்படிப்பும் அங்கேதான். பிறகு பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்சி. வரைக்கும் படித்தாள். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆனாள். எங்கள் வீட்டு அடுப்படியில் சோடா உப்பு டப்பாவில்கூட அதன் ரசாயனப் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். அம்மா அதைப் பார்த்து, "பேரை வாசிச்சா பலகாரம் உப்புமா?" என்று கேட்பார்.

கல்யாணக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளி லேபில் குடுவை மாட்டும் இரும்பு ஸ்டாண்டு நான்கு உடைந்துபோனது. அக்கா அவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் ஒட்டிக் கொடுத்தார். ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுபோனாள். மறுபடியும் சாய்ந்தது. மூன்றாம் முறையும் கொண்டுபோனாள். நான்காம் முறை பட்டறைக்காரரே பள்ளிக்கூடத்துக்கு ரசமட்டத்தோடு வந்து, லேப் மேஜையில் அதை வைத்துக் காட்டினார்.

"டீச்சர், சாய்ஞ்சிருக்கது உங்க மேஜை. என் ஸ்டாண்டு நேராத்தான் இருக்கு."

மேஜைதான் சாய்ந்திருந்தது. அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எங்கள் குடும்பத்தில் பதிவாகியிருப்பது அந்த ஒரு முறைதான். அந்தப் பட்டறைக்காரர்தான் அத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் கடைசி வரைக்கும் அவர் அக்காவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்.

களிமண் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது தற்செயலாகத்தான். பள்ளிப் பிள்ளைகளை ஒரு மண்பாண்டப் பயிற்சிக்கு அழைத்துப்போன அக்கா, பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, கோணலாக ஒரு கோப்பை செய்து எடுத்து வந்தாள். அத்தான் அதில் டீ குடித்துப் பார்த்துவிட்டு, "அடி சரியில்ல டீச்சர். ஆடுது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி, தட்டு பொருத்தி, ஒரு சக்கரம் செய்துவிட்டார். அந்தச் சக்கரத்தில் முதலில் உட்கார்ந்ததும் அவர்தான். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாராம்.

பத்து வருஷத்துக்கு முன்பு அவள் வேலையை விட்டாள். அவர் பட்டறையைத் தம்பியிடம் கொடுத்தார். இலஞ்சி பக்கம் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். கீழப்பாவூர்க் குளத்து மண், கேஸ் சிலிண்டரில் எரிகிற சூளை, கிரைண்டர் மோட்டார்ச் சக்கரம். போர்டு வைக்கவில்லை. ஊர்க்காரர்களே 'கப்பு கம்பெனி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வருஷம் முழுக்க அங்கே கோழி வாசம் அடித்தது. அதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

நம் சொந்தத்தில் அப்போது யார் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயப்படாதீர்கள், பெயர் போடமாட்டேன். பெரியப்பா ஒருவரை மட்டும் சொல்லலாம், அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் எல்லாரும் கேட்கும்படி, "எம்.எஸ்சி படிச்சிட்டு இந்தப் பிள்ள மண்ணு மிதிக்கா" என்றார்.

அக்கா சோற்றில் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னாள். "மிதிக்கது அவிய, பெரியப்பா. நான் முக்குதது மட்டும்தான்."

அந்தப் பதிலில் அவர்கள் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. கொஞ்சம் விளக்கினால்தான் பின்னால் சொல்லப்போவது புரியும். மண்ணை மிதித்துக் குழைத்து, சக்கரத்தில் கோப்பை வனைவது அத்தான். காய்ந்த கோப்பையை ஒருமுறை சூளையில் சுடுவார்கள். பிறகு அதைக் கிளேஸில் முக்கவேண்டும். கிளேஸ் என்றால், சுட்டபின் கண்ணாடிபோல் மின்னும் அந்தப் பூச்சு. முக்கும்போது அது மோர் மாதிரி இருக்கும், காய்ந்தால் மேலே மாவு அப்பின மாதிரி நிற்கும். இரண்டாம் முறை சுட்டால்தான் உருகிப் பளபளக்கும். கிளேஸ் கலப்பது, முக்குவது, இரண்டாம் சூடு எல்லாம் அக்கா வேலை.

கோப்பையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, தலைகீழாக ஒரே முக்கு. விரல் பட்டிருந்த இரண்டு இடத்தில் மட்டும் கிளேஸ் ஏறாது. வெறும் மண் தெரியும். அந்த இரண்டு இடத்திலும் பிரஷ்ஷால் கிளேஸ் தொட்டு வைத்து மூடுவது மறுபடியும் அத்தான் வேலை. ஒன்பது வருஷம் இப்படித்தான் நடந்தது. அக்கா முக்கி வைப்பாள், மறுநாள் அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து அவள் விரல் பட்ட இடத்தைத் தேடி மூடுவார்.

மூடாமல் விட்டால் அக்கா விடமாட்டாள். அது அவள் குணம். அந்தக் குணம் முதல் சீசனிலேயே ஊருக்குத் தெரிந்துபோனது.

குற்றாலத்தில் சாரல் விழும் மூன்று மாதத்தில்தான் கூட்டம் வரும், கோப்பை விற்கும். ஆனால் அந்த மூன்று மாதமும் மண் காயாது. ஈரத்தோடு சுட்டால் சூளைக்குள் பட்டாசு மாதிரி வெடிக்கும். முதல் வருஷம் இது தெரியாமல் சீசன் நடுவில் வனைந்துவிட்டு, காயவைக்க இடம் தேடி அலைந்தார்கள். அருவிக்குப் போகும் வழியில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் இடம் கொடுத்தார். கடை அடுப்புக்கு மேலே பரண், எப்போதும் கதகதப்பு. இருவரும் பலகை பலகையாகக் கோப்பைகளை டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தான் ஓட்ட, அக்கா பின்னால் மடியில் பலகையும் தலைக்கு மேல் குடையுமாக உட்கார்ந்து போவாள். அந்தக் காட்சியைப் பார்க்கவே குளிக்க வந்த கூட்டம் நின்றதாம்.

கோப்பைகள் அருமையாகக் காய்ந்தன. முதல் சூடும் நன்றாக நடந்தது. அதே பரணில்தான் அவற்றை மறுபடி அடுக்கி வைத்தார்கள், கொட்டகை ஒழுகியதால். ஒரு வாரம் தேங்காய் எண்ணெய்ப் புகை குடித்த கோப்பைகளை எடுத்து முக்கினால் கிளேஸ் ஒட்டவில்லை. திட்டுத் திட்டாக விலகிக்கொண்டது. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது மறந்துபோனதை அத்தான் பல வருஷம் சொல்லிக் காட்டினார். சரி, சுட்டால் சரியாகிவிடும் என்று சுட்டார்கள். ஆகவில்லை. ஒவ்வொரு கோப்பையும் தேமல் விழுந்த மாதிரி வந்தது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "இதுவும் ஒரு டிசைன்தானம்மா. கூட்டத்தோட கூட்டமா வித்துரலாம்" என்றார்.

"வாங்கிட்டுப் போறவ வீட்டுல வச்சு ஒரு மாசம் கழிச்சுப் பாப்பா அண்ணாச்சி. அன்னைக்கு நம்மள நினைப்பா" என்றாள் அக்கா. சுத்தியலை எடுத்து உட்கார்ந்து அத்தனையையும் உடைத்தாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஓடுகளைக் கூட்டி அள்ளினார். கொட்டகைக்குப் போகும் வழியில் இன்றும் கால்மிதியாகக் கிடப்பது அந்த ஓடுகள்தான்.

அடுத்த வருஷத்திலிருந்து மாசி, பங்குனி, சித்திரையிலேயே சீசனுக்கு வேண்டியதை வனைந்து முடித்துவிடுவார்கள். பழுது ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. கடையநல்லூரிலிருந்து ஒரு பெரியம்மா, மகன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நல்ல சிவப்பில் கோப்பை கேட்டு வந்தார்.

"சிவப்பு வர போடுத பொடி எனக்கு நம்பிக்கை இல்ல பெரியம்மா. வாயில வைக்கத சாமான். பச்சை தாரேன்."

"கல்யாணத்துக்குப் பச்சையாம்மா?"

"குடிக்கப்போறது பச்சத் தண்ணியா பெரியம்மா? டீதானே. உள்ள செவப்பாத்தானே இருக்கும்."

பெரியம்மா சிரித்துவிட்டு முந்நூறு பச்சைக் கோப்பை வாங்கிப்போனார். அவர் வீட்டிலிருந்து மூன்று கார்களில் துக்கம் கேட்க வந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பெங்களூரிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். முக்கி வைத்த கோப்பைகளைப் பார்த்ததும் அவருக்கு அந்த விரல் தடம் பிடித்துவிட்டது. "இதை மூடாதீங்க மேடம். அப்படியே சுடுங்க. கையால செஞ்சதுன்னு தெரியும், நல்ல விலை போகும்" என்றார்.

"கையால செஞ்சது தெரியணும்னா கையை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. மண்ணு தெரிஞ்சா அழுக்கு ஏறும். கழுவுதவளுக்குத்தான் பாடு" என்றாள் அக்கா.

அவர் போனபிறகு அத்தான் மெல்லச் சொன்னார். "எனக்கென்னமோ அந்தத் தடம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"அதை மூடத்தான் உங்கள வேலைக்குச் சேத்திருக்கு."

"சம்பளம் எப்ப தருவிய?"

"மொதல்ல மூடுங்க."

இவர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான். குழந்தை இல்லையே என்று நம் ஆட்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கொட்டகையில் ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தன.

இனி எழுதுவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. வேகமாக எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மாசி மாதம். அக்கா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நாற்பத்தோரு கோப்பைகளை முக்கி ரேக்கில் அடுக்கினாள். உடம்பு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்தாள். மறுநாள் காய்ச்சல். தென்காசி ஆஸ்பத்திரியில் மூன்று நாள், பிறகு திருநெல்வேலியில் ஆறு நாள். டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அக்கா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அத்தானைப் பார்த்து, "மூடியாச்சா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

"மூடியாச்சு டீச்சர்."

"நாப்பத்தொண்ணும்?"

"நாப்பத்தொண்ணும்."

"தடிப்பா வைக்கலயே?"

"இல்ல. நீங்க சொன்ன மாதிரி ரெண்டே தொடு."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பேசியதில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அத்தான் பந்தல்காரரிடம் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். வீட்டில் இருக்க முடியாமல் நான் கொட்டகைக்குப் போனேன். ரேக்கில் நாற்பத்தொன்றும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு தடம், மூடாமல்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அத்தான் அக்காவின் மனசு ஆறப் பொய் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, பாவம், அக்கா கேட்ட கடைசி வேலையை நாமே முடித்துவிடலாம். வாளியில் இருந்த கிளேஸைக் கலக்கினேன். பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு கோப்பைக்கு இரண்டு இடம். பழக்கமில்லாத கை, தாராளமாகவே வைத்தேன். காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்ததால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்கவில்லை.

"என்ன பண்ணுத?"

அத்தான் வாசலில் நின்றார். நான் பெருமையாகத்தான் சொன்னேன். "அக்கா சொன்ன வேலை அத்தான். இருபத்தொம்பது முடிச்சிட்டேன். இன்னும் பன்னெண்டுதான்."

அவர் வண்டிச் சாவியை மேஜையில் வைத்தார். ரேக் பக்கம் வந்து குனிந்து, முதல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தட்டுக்கு வந்ததும் நின்றார். அங்கே மூடாத பன்னிரண்டு இருந்தன.

"மறந்து விட்டுட்டேன்னு நினைச்சியா?" என்றார். "அவ படுத்த அன்னைக்கே மூட உக்காந்தேன். ஒண்ணை எடுத்தேன். கட்டை விரல் ரேகை வரைக்கும் தெரிஞ்சுது. கை வரல. வேணும்னுதான் வச்சிருந்தேன்."

என் காதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூடத் தெரியாமல் நின்றேன். பிளேடு எடுத்து ஒன்றில் நான் வைத்ததைச் சுரண்டப் போனேன்.

"விடு. சுரண்டுனா உன் பிளேடுதான் தெரியும்."

என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, தண்ணீரில் அலசி, துடைத்து, டப்பாவில் வைத்தார். "டீ போடு. சீனி கம்மியா" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சென்னைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில், ஒரு ஆள் உலகத்தில் விட்டுப்போன ஐம்பத்தெட்டு விரல் தடங்களை ஒரே காலையில் அழித்தவள் நான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

அத்தான் அந்த ரேக்கின்மேல் ஒரு துணியைப் போட்டார். சக்கரத்தில் உட்காரவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசியில் சிப்ஸ் கடை அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். நானும் அந்த வாரம் ஊரில் இருந்தேன். துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"வே, இது சுடாத பூச்சுல்லா. சாரல் விழுந்தா மாவு மாவா உதிர்ந்துரும். அப்புறம் தடமும் இருக்காது, ஒண்ணும் இருக்காது."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சா சுட வேண்டியதுதானே."

"சூளை அவ வேலை. நான் இதுவரைக்கும் ரெண்டாஞ்சூடு வச்சதில்ல. எனக்குச் சூட்டோட கணக்கு தெரியாது. தப்பா ஏத்தினா எல்லாம் வழிஞ்சு ஓடிரும். இருக்கது பன்னெண்டு."

"சுடாட்டாலும் போகும்."

"ம்."

இதுதான் நிலைமை. சுட்டால் போகலாம், சுடாமல் விட்டால் நிச்சயம் போகும். ஆனி பிறக்க மூன்று வாரம் இருந்தது.

அண்ணாச்சி போனபிறகு நான்தான் அக்காவின் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அத்தானுக்கு அது இருப்பது தெரியும். திறக்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூட லேப் ரெக்கார்டு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு மூன்று பத்தி: சோதனை, காண்பது, அறிவது. ஒன்பது வருஷமும் வைத்த ஒவ்வொரு சூடும் அதில் இருக்கிறது. எத்தனை மணிக்கு கேஸைக் கூட்டினாள், சூளையின் ஓட்டையில் என்ன நிறம் தெரிந்தது, எப்போது அணைத்தாள். நடுநடுவே வேறு விஷயமும் இருந்தது.

'சோதனை: மதியம் இரண்டு மணி, சூளை அணைத்து நான்கு மணி நேரம். காண்பது: கதவைத் திறக்கலாமா என்று அவிய மூன்று தடவை கேட்டாவ. அறிவது: திறக்கக்கூடாது.'

இன்னொரு பக்கத்தில்: 'காண்பது: நான் குளிக்கப் போன நேரம் பார்த்துத் திறந்துட்டாவ. பதினேழு கோப்பை விரிசல். அறிவது: அடுத்த சூட்டுக்கு அவியளை அம்மா வீட்டுக்கு அனுப்பணும்.'

அத்தான் அதை வாசித்துவிட்டு, "நான் திறக்கல, காத்துல திறந்துக்கிச்சு" என்றார். வருஷக்கணக்கில் அக்காவிடம் சொன்ன பொய்யை என்னிடமும் சொன்னார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை நாற்பத்தொன்றையும் உள்ளே அடுக்கி, ஆறு மணிக்குச் சூளையை மூட்டினோம். அவர் கேஸ் பக்கம், நான் நோட்டோடு ஸ்டூலில். "அக்கா இந்த நேரத்துல எவ்வளவு வச்சிருக்கா?" என்று அவர் கேட்பார். நான் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்வேன். 'கரும் சிவப்பு' என்று அவள் எழுதியிருந்த நேரத்தில் எங்கள் சூளையிலும் கரும் சிவப்பு தெரிந்தது. 'பூசணிப் பூ நிறம்' என்று எழுதியிருந்த நேரத்தில் தெரியவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன். 'காற்று அடித்தால் அரை மணி கூடப் பிடிக்கும், பதறக்கூடாது' என்று ஓரத்தில் பென்சிலில் இருந்தது. அரை மணி பதறாமல் இருந்தோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறம் வந்தது. மாலை நான்கு மணிக்கு அணைத்தோம்.

கதவைத் திறக்க மறுநாள் பகல் வரைக்கும் காத்திருந்தோம். அத்தான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டும் நன்றாக வந்திருந்தன. பச்சைக் கிளேஸ் சுற்றி மின்ன, நடுவில் மண் நிறத்தில் கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம். ரேகை தெரியவில்லை, சூட்டில் போய்விட்டது. விரல் இருந்த அளவு மட்டும் இருக்கிறது. அக்காவின் விரல் இவ்வளவு சிறியதா என்று இருந்தது.

நான் மூடிய இருபத்தொன்பதில் நான்கு, தடிப்பாக வைத்த கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிப்போயின. உடைத்துத்தான் எடுத்தோம். மீதி இருபத்தைந்திலும், நான் அள்ளி வைத்த இடம் உருகி, கரும்பச்சைத் துளியாகத் திரண்டு நிற்கிறது. அக்கா பார்த்திருந்தால் சுத்தியலைத் தேடியிருப்பாள்.

இதை வாசிக்கிற உங்கள் கையில் இந்த மலரோடு ஒரு பொட்டலம் வந்திருக்கும். வீட்டுக்கு ஒரு கோப்பை. சிலருக்கு மண் தடம் வந்திருக்கும், பலருக்குக் கரும்பச்சைத் துளி வந்திருக்கும். எது யாருக்கு என்று எங்களுக்கே தெரியாது. எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிய பிறகு, அத்தான் வேண்டுமென்றே கலந்துவிட்டார். அதனால் யாரும் எனக்குப் போன் செய்து மாற்றித் தரச் சொல்லாதீர்கள். ஷோகேஸில் வைக்காதீர்கள். டீ குடியுங்கள். மண் தடம் வந்தவர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகத் தேய்த்துக் கழுவுங்கள், அழுக்கு ஏறும். அதை அக்காவே சொல்லியிருக்கிறாள்.

நன்றி சொல்லவேண்டும். ஒன்பது நாளும் எங்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும். அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட, பெயர் கேட்க மறந்துபோன அந்த நர்ஸ் அக்காவுக்கு. முந்நூறு கோப்பை வாங்கிய கடையநல்லூர்ப் பெரியம்மாவுக்கும் அவர் வீட்டாருக்கும். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போன சிப்ஸ் கடை அண்ணாச்சிக்கு. காரியத்துக்கு வந்த சிப்ஸுக்கு அவர் கடைசி வரை பணம் வாங்கவில்லை. மகளை அனுப்பிவிட்டு, மருமகனுக்குத் தினமும் சோறு கொடுத்து அனுப்புகிற எங்கள் அம்மாவுக்கு. கப்பு கம்பெனி மூடவில்லை. அத்தான் மறுபடியும் சக்கரத்தில் உட்காருகிறார். இப்போது அவரே முக்கி, அவரே மூடுகிறார். நோட்டில் எழுதுவதும் அவர்தான்.

கலந்து வைத்த பொட்டலங்களில் தனக்கென்று ஒன்றை அத்தானும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். போன ஞாயிறு பிரித்தார். நான் மூடிய கோப்பை.

எனக்கு முகம் செத்துப்போனது. "வேற ஒண்ணு எடுங்க அத்தான். இன்னும் யாருக்கும் அனுப்பலல்லா. மண் தடம் உள்ளதா நான் பாத்துத் தாரேன்" என்றேன்.

"எதுக்கு?" அவர் டீயை அதில் ஊற்றினார். கோப்பையைத் திருப்பி, அந்தக் கரும்பச்சைத் துளியின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "ஒம்பது வருஷமா ஊர் ஊரா போனது எல்லாமே மூடுனதுதான். நான் மூடுனது. அதுக்குள்ள எல்லாம் அவ விரல் இல்லன்னா சொல்லுத?"

அவர் ஒரு வாய் குடித்தார்.

"நீ கொஞ்சம் தடிப்பா வச்சிட்ட. அவ்வளவுதான்."